இணையமும் இன்சுலினும்

கேள்வி: நீரிழிவு உள்ளவர்கள் இணையத்தில் மருத்துவத் தகவல் தேடுவது நல்லதா?
– வாசகர், திருக்கோகர்ணம்

பதில்: மருத்துவரைப் பார்ப்பது சில நிமிடம், நோயோடு வாழ்வது வருடம் முழுவதும். அந்த இடைவெளியில்தான் தேடல் தொடங்குகிறது. எச்பிஏ1சி பரிசோதனை சுமார் 3 மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் என்று அறியவும், பாதங்களைப் பேணக் கற்கவும், மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் குறித்துக்கொள்ளவும் இணையம் உதவும். ஆனால், ‘ஒரே வாரத்தில் சர்க்கரை போய்விடும்’ என்னும் காணொளியை நம்பி இன்சுலினை நிறுத்தினால், சர்க்கரை போகாது, உயிர் போகக்கூடும். சொல்பவர் யார், எப்போது சொன்னார், எதை விற்கிறார் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண்ணான 104ஐ அழைக்கலாம். 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடியே வருகிறது. அறிவை இணையத்தில் தேடலாம். மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும்.