‘நாய் ஜாக்கிரதை’ பலகை குறித்துச் சான் ஹோசேயிலிருந்து ஒரு கடிதம்

மதுரை மாமா அவர்களின் சமூகத்திற்குச் சான் ஹோசேயிலிருந்து மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம், நாயும் நலம், அவ்விடத்து நலத்துக்கு எழுதவும்.

மாமா அவர்கள் எங்கள் வீட்டு வாசலுக்கென்று அன்புடன் எழுதச் சொல்லி வைத்திருக்கும் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மதுரையில் வீட்டுக்காரரின் கௌரவத்துக்கும், நாயே இல்லாத வீடுகளில் திருடனின் அச்சத்துக்கும் பயன்படுவதாயினும், அமெரிக்காவில் அது சில வேளை எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டேறிவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பொதுச் சட்டத்தின்படி, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளாலேயே வளர்ந்த சட்டத்தின்படி, தம் நாய் கடிக்கும் இயல்புடையது என்பதை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தால்தான் அவர்மேல் பொறுப்பு விழும். இதனை ‘ஒரு கடி விதி’ என்பர். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இது இன்றும் வழங்குவதால், கடிபட்டவரின் வக்கீல் அப்பலகையைக் காட்டி, சாதுவான நாய்க்கு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கக்கூடும்.

கலிபோர்னியாவிலோ அந்த முதல் கடிச் சலுகையும் இல்லை. இங்குள்ள உரிமையியல் சட்டத்தொகுப்பின் 3342-ஆம் பிரிவு, பொது இடத்திலோ, சட்டப்படி வந்திருக்கும் தனியார் இடத்திலோ ஒருவர் கடிபட்டால், நாய் அதுவரை பரம சாதுவாக இருந்திருப்பினும் உரிமையாளரே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ‘சட்டப்படி வந்தவர்’ என்பதில் விருந்தாளியும் தபால்காரரும் அடங்குவர். வேலி தாண்டிக் குதிப்பவர் அடங்கார். வாடகைக்குக் குடியிருப்பவரின் நாய் ஆபத்தானது என்று தெரிந்தும், அதை அகற்றும் அதிகாரம் இருந்தும் வாளாவிருந்த வீட்டு உரிமையாளரும் பொறுப்பாளியாகலாம் என 1975-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இழப்பீட்டைப் பெரும்பாலும் வீட்டுக் காப்பீடே ஏற்பதால், காப்பீட்டு நிறுவனத்தார் சிலர் நாயின் குலம் கோத்திரத்தைக் கல்யாணத் தரகரைவிட நுணுக்கமாக விசாரிக்கின்றனர்.

‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, அச்சம் உள்ளிட்ட பத்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தொல்காப்பியர் தந்தார். கலிபோர்னியா நீதிமன்றமும் தன் பங்குக்கு ஒரு நுட்பத்தைச் சேர்த்துள்ளது. 1998-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஏணியில் நின்றவரின் கால்சட்டையை நாய் கவ்வ, அவர் கீழே விழுந்தார். தோலில் பல் பதியாவிட்டாலும் அது கடியே என்று முடிவாயிற்று. மாறாக, நாய் அன்பு மிகுதியால் பாய்ந்து ஒருவரைத் தள்ளிவிட்டால் அது கடியாகாது. அப்போது உரிமையாளரின் கவனக்குறைவைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

ஆகவே பலகை மதுரையிலேயே இருக்கட்டும். மேற்படி தீர்ப்பு கால்சட்டையைப் பற்றியதேயன்றி வேட்டியைப் பற்றியதன்று என்பதால், மாமா அவர்கள் இங்கு வந்திறங்கும் நாளில் மட்டும் கால்சட்டை அணிந்து வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.