ஓடாத வண்டியை வாங்குவானேன்?

டெட்ராய்ட் புறநகர், மிச்சிகன்.

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தாங்கள், "ஓடுகிற வண்டி ஊரெல்லாம் கிடக்கிற தேசத்திலே போய் ஓடாத வண்டியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?" என்று கேட்ட கேள்விக்கு நான் வாயெடுப்பதற்குள், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு உத்தியோகம் போய்விட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்து, இல்லையென்று நான் சத்தியம் செய்தும் நம்பாமல், அந்தச் சம்பாஷணை அழுகையிலே போய் முடிந்தது தாங்கள் அறிந்ததே. உத்தியோகம் சௌக்கியமாக இருக்கிறது. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு மேற்கொண்டு வாசிக்கவும்.

வண்டி 1972-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப். என்ஜின் 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பவை, கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங், டைமிங்குக்குச் சங்கிலி என்கிற நச்சே கிடையாது, பல்சக்கரத்தோடு பல்சக்கரம். 1965 முதல் 1996 வரை முப்பது வருஷத்துக்குமேல் இதே என்ஜினைச் செய்துகொண்டிருந்தார்கள் என்றால் அதன் ஸ்திரத்தன்மையைத் தாங்களே அனுமானித்துக்கொள்ளலாம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. நம் பட்டறையில் லேலண்டு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தாங்கள் காயத்ரிபோல் முணுமுணுக்கும் அதே வரிசை. வண்டியை விற்றவர் பானெட்டைத் திறந்து காட்டியபோது அந்த எண்களை நான் மனப்பாடமாக ஒப்பித்ததைக் கேட்டு, அவர் என்னைப் பெரிய மெக்கானிக் என்று எண்ணி விலையை ஒரு பைசா குறைக்க மறுத்துவிட்டார்.

இன்னொரு விசேஷம் உண்டு. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடவும். இந்த வருஷத்து வண்டியில் பெட்ரோல் டாங்கு வண்டிக்கு அடியில் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே, முதுகோடு முதுகாக இருக்கிறது. வளைவில் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் தளும்பும் சப்தம் தெளிவாகக் கேட்கும்.

மற்றபடி வண்டியின் பாதி துரு. இவ்வூரில் பனிக்காலம் வந்துவிட்டால் சாலையில் உப்பை வாரி இறைக்கிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. ராஜாஜி 1930-இல் வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிச் சிறைக்குப் போனார். இங்கே அதை லாரி லாரியாகக் கொட்டி என் வண்டியின் சேசிஸைத் தின்ன வைக்கிறார்கள். ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டுமானால் முதல் நாள் இரவு எண்ணெயில் ஊறப் போட்டு, மறுநாள் காலை சூடு காட்டி, பிறகு ஸ்பானரைப் போட்டால், அது திரும்பாமல் தலை மட்டும் தனியே கையோடு வருகிறது.

"மெக்கானிக்கிடம் விடுவதுதானே?" என்பீர்கள். மெக்கானிக் என்கிற ஜாதி இங்கே மணிக்கு 100 டாலருக்குமேல் வாங்குகிறது. அதுவும், இவ்வளவு பழைய வண்டியைக் கண்டால் பெரும்பாலோர் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே என்ஜினை நானே கிரேன் வைத்து இறக்கினேன். பிளாக்கை மட்டும் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து 0.030 அங்குலம் ஓவர் சைஸ் போர் போட்டு, கிராங்கையும் கிரைண்டிங் செய்து வாங்கிக்கொண்டேன்.

இனி, தாங்கள் நம்ப மாட்டாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். செல்ஃப் மோட்டார் ஒன்று வாங்க உதிரி பாகக் கடைக்குப் போனேன். விலையைச் சொன்ன பையன், அதற்குமேல் இன்னொரு தொகையையும் சேர்த்தான். வரியா என்று கேட்டேன், இல்லையாம். பழைய மோட்டாரைக் கொண்டுவந்து கொடுக்கிற வரையில் ஜாமீன் தொகையாம். நம் தெருவில் பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருகிறவன், வீடு வீடாக வந்து முதலில் பழத்தைக் கொடுத்து, கூடவே, "உன் வீட்டில் ஓட்டைப் பாத்திரம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக இருபது ரூபாய் வை" என்று கேட்டால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. அந்தப் பழையதை இவர்கள் ஆலைக்கு அனுப்பிப் புதுப்பித்து மறுபடி விற்கிறார்கள். நான் வாங்கியதும் அப்படி எவனோ கொடுத்த பழையதுதான். காரியம் நியாயமானதே. ஆனால் அதன் தர்க்கத்தை யோசித்துப் பாருங்கள். வீட்டில் கெட்டுப்போன சாமான் வைத்திருப்பவன் யோக்கியன். இல்லாதவன் அபராதம் கட்ட வேண்டியவன். வண்டியிலிருந்து மோட்டாரைத் திருடன் கழற்றிக்கொண்டு போயிருந்தால், பறிகொடுத்தவன் புது மோட்டாருக்கும் கொடுத்து, திருடனுக்காகவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அதோடு விட்டதா? பழையதைப் புதியது வந்த பெட்டியிலேயே வைத்துத் தர வேண்டும் என்பது அடுத்த விதி. புதியதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பழையதை வைத்து மூடி, அதைச் சாப்பாட்டு மேஜைமேல் மறந்து வைத்துவிட்டேன். தங்கள் மருமகள் ஏதோ வெகுமதி என்று எண்ணிப் பிரித்துப் பார்த்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு தாமதமாயிற்று என்பதோடு இந்த விஷயத்தை நிறுத்திக்கொள்கிறேன். கார்புரேட்டருக்கும் இதே கதை. அதிலே இன்னும் ஒரு நிபந்தனை, உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது, போல்ட் மாட்டுகிற காது உடைந்திருக்கக் கூடாது. கெட்டுப்போன பொருள் நல்ல நிலைமையில் இருக்க வேண்டும் என்று கேட்கிற தேசத்தைத் தாங்கள் வேறெங்கேனும் கேள்விப்பட்டதுண்டா? நான் அதைத் துடைத்து மினுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அந்தப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ஏன் கெட்டது?" என்று கேட்டான். சொல்லத் தெரியவில்லை.

இங்கே குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. ஓடாத வண்டி தெருவிலிருந்து பார்ப்போர் கண்ணில் படக் கூடாதென்பது அதன் சட்டம். ஆகையால் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே பனி கொட்ட, உள்ளே ஒரு சின்ன ஹீட்டரின் அனுக்கிரகத்தில், கள்ள நோட்டு அடிப்பவனைப்போல இந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை பார்த்தேன்.

அந்த வேலையில் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். பேரிங்கை மாட்டியபின் கிராங்கைக் கையால் ஆட்டிப் பார்த்து, "சரி, பூட்டு" என்பீர்களே, அதற்கு இங்கே ஒரு சாதனம் இருக்கிறது. மெழுகு போன்ற பிளாஸ்டிக்கில் செய்த பச்சை நிறத்து நூலிழை. கிராங்கின் மேலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, அந்த இழையில் ஒரு துண்டை அதன்மேல் நீளவாட்டில் கிடத்தி, பேரிங் மூடியைப் பொருத்தி, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவு முறுக்கி, கிராங்கை இம்மியும் சுழற்றாமல் மறுபடி மூடியைக் கழற்றினால், இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். அது வந்த காகித உறையிலேயே அளவுகோல் அச்சிட்டிருக்கிறது. பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு. ஒடுக்கமாக இருந்தால் அதிகம். என்னுடையது 0.002 அங்குலத்துக் கோட்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. விரல் நுனியால் அந்தப் பச்சைப் பட்டையைச் சுரண்டி எடுக்கும்போது, சித்தப்பா, எனக்குக் கோபம் வந்தது. தங்கள்மேல்தான்.

பட்டறையில் நான் வளர்ந்தேன் என்று இங்கே எல்லோரிடமும் பெருமை பேசுகிறேன். பட்டறையில் நான் என்ன செய்தேன்? பாட்டரி விளக்குப் பிடித்தேன். டீ வாங்கி வந்தேன். "படிக்கிற பிள்ளை கையில் கிரீஸ் ஆகக் கூடாது" என்று தாங்கள் சொல்லும்போதெல்லாம் ஒதுங்கி நின்றேன். என் வயதுப் பையன்கள் ஹெட்டைத் தூக்கி வைத்து வால்வு லேப்பிங் செய்துகொண்டிருக்க, நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்கு நோட்டில் அவர்கள் சம்பளத்தை எழுதினேன். தாங்கள் நல்லெண்ணத்தில் செய்ததுதான். அந்தப் படிப்பினால்தான் நான் இந்த ஊரில் இருக்கிறேன். ஆயினும் நாமக்கல்லில் பிறந்தவன், தன் கையால் ஒரு பேரிங் பூட்ட இத்தனை கடல் தாண்டி வர வேண்டியிருந்ததே! இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் எனக்குத் தொண்டை அடைத்திருக்கும், ஆகவேதான் கடிதம்.

இருக்கட்டும். பனி உருகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சங்கத்தார் விழிப்பதற்குமுன், வண்டியை வெளியே தள்ளிக் கிளப்பினேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. புது காம் ஷாஃப்ட் போட்டால், கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிஷத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் இருபது நிமிஷம் ஓட்டியே ஆக வேண்டும். இல்லையேல் காமும் டாப்பெட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த இருபது நிமிஷத்தில் தெருவில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் விளக்கு எரிந்தது.

அதன்பின் வந்ததுதான் தங்களுக்கும் தெரிந்த அந்த வியாதி. வண்டி ராஜாவாக ஓடும். அரை மணி நேரம் ஆனதும் இருமி, தயங்கி, நடுச்சாலையில் நின்றுவிடும். சற்று நேரம் அப்படியே விட்டால் ஒன்றுமறியாததுபோல் மறுபடி கிளம்பும். "கண்டன்சர்தான், சூடேறினால் படுத்துவிடும்" என்று தாங்கள் தீர்ப்பளித்தீர்கள். அந்த அறிகுறிக்கு யாரும் சொல்லக்கூடிய தீர்ப்பு அது. மாற்றினேன். நின்றது. கடைக்காரப் பையன் காயில் என்றான், மாற்றினேன். நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினேன், அப்போதும் நின்றது. கடைசியில் ஒருநாள், வண்டி நின்றுபோன இடத்துக்கு எதிரிலேயே பெட்ரோல் பங்க் இருக்கக் கண்டு, தள்ளிக்கொண்டு போய் டாங்கு மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு! எனக்கு வந்ததல்ல, டாங்குக்கு வந்தது.

மூடி, விற்றவர் போட்டுக் கொடுத்த பளபளப்பான பூட்டு வைத்த மூடி. அதில் காற்றுத் துவாரம் இல்லை. பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வராமல் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்துக்குமேல் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. சும்மா விட்டால் எங்கேனும் சந்து வழியாகக் கொஞ்சம் காற்றுப் புகுந்து மறுபடி உயிர் வருகிறது. துவாரமுள்ள மூடி ஒன்று போட்டேன். அன்று முதல் வண்டி நிற்கவே இல்லை. ஆகவே, நாற்பது வருஷம் என்ஜின் பார்த்த தங்கள் தீர்ப்பு பொய்த்து, கணக்கு நோட்டு எழுதியவன் கண்டுபிடித்தான் என்பதைப் பட்டறையில் எல்லோரும் கேட்கும்படி உரக்க வாசிக்கவும். கண்டன்சர் நிரபராதி.

வருகிற கோடையில் சித்தியோடு தாங்கள் அவசியம் புறப்பட்டு வர வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய காகிதங்களைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கியர் பாக்ஸில் இரண்டாவது கியர் விழும்போது ஒரு முனகல் கேட்கிறது. தாங்கள் வந்ததும் அதை இறக்கலாம் என்றிருக்கிறேன். நான் கழற்றுவேன், தாங்கள் விளக்குப் பிடிக்கலாம்.

வரும்போது ஊறுகாய், பொடி என்று சித்தி மூட்டை கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, பெட்டியில் ஒரு மூலையில் இரண்டு கிலோ திருப்பூர் பனியன் வேஸ்ட் வைத்துக் கொண்டுவரவும். இங்கே கை துடைக்கிற துணியைக்கூடப் புதிதாக நெய்து, கட்டுக் கட்டாக உறை போட்டு விற்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெயைக்கூட உறிஞ்ச மாட்டேனென்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்.