அப்பா வழிச் சொத்து

கேள்வி: பேரனுக்கு ஏழு வயது. கழுத்தும் வலது கையும் சட்சட்டென்று வெட்டுகிறது. டம்ளரை எடுத்தால் பாதிப் பால் சட்டையில். 'மயோக்ளோனஸ்-டிஸ்டோனியா, பரம்பரை வியாதி' என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை. மருமகள் வழியாகத்தானே வந்திருக்கும்?
(ஒரு மாமியார், திருவானைக்காவல்)

பதில்: உங்கள் ஊர் அகிலாண்டேஸ்வரி அம்மன் காதில் விழுவதற்குள் கேள்வியை வாபஸ் வாங்கிவிடுங்கள். நம் வீடுகளில் குழந்தைக்கு எது வந்தாலும் தீர்ப்பு மருமகள் பக்கம்தான் சாயும். இந்த வியாதியில் தீர்ப்பு தலைகீழ்.

இதற்குப் பெரும்பாலும் காரணமான மரபணுவின் பெயர் எஸ்.ஜி.சி.இ. ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. 2001-ல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான மரபணுக்களைப் போல இதிலும் நமக்கு இரண்டு பிரதிகள்: அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஆனால் அம்மா கொடுத்த பிரதியின் மேல் 'இதைப் படிக்காதே' என்று ஒரு வேதி முத்திரை விழுந்துவிடுகிறது. உடம்பு படிப்பது அப்பாவின் பிரதியை மட்டும். அதனால் அம்மாவிடமிருந்து பழுது வந்தால் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான் வியாதி தலைகாட்டும். அப்பாவிடமிருந்து வந்தால் பெரும்பாலோருக்குக் காட்டிவிடும்.

'என் மகன் நன்றாகத்தானே இருக்கிறான்' என்பீர்கள். அந்தப் பழுதை அவர் உங்களிடமிருந்து வாங்கியிருந்தால் நன்றாகத்தான் இருப்பார். அவருக்கு அது அம்மா வழி, ஊமை. அவர் மூலமாகப் பேரனுக்குப் போகும்போது அதே பழுது அப்பா வழி ஆகிவிடுகிறது, வாய் திறக்கிறது. பாட்டியிடம் இருந்து, அப்பாவைத் தாண்டி, பேரனிடம் வந்து நிற்பது இப்படித்தான். யாரிடமும் இல்லாமல் புதிதாக முளைப்பதும் உண்டு. மருமகளிடம் இன்று ஒரு காபி கேட்டு வாங்கிக் குடியுங்கள். மன்னிப்பு என்ற சொல்லை உச்சரிக்க வேண்டாம், அவருக்குப் புரியும்.

கேள்வி: பேய், பிசாசு, காற்று, கருப்பு எல்லாம் சொல்கிறார்கள். கையில் கயிறு மந்திரித்துக் கட்டலாமா?

பதில்: கட்டுங்கள், கயிறு ஒன்றும் செய்யாது. இரண்டு அர்த்தத்திலும். சமயபுரத்தில் சாமி வருபவருக்குப் பம்பை சத்தம் கேட்டால் வரும், கொஞ்ச நேரத்தில் மலையேறிவிடும். இதற்குப் பம்பை வேண்டாம், பேனாவைக் கையில் எடுத்தாலே போதும். கழுத்து, தோள், கைகளில் மின்னல் மாதிரி வெட்டு, அது மயோக்ளோனஸ். அதோடு கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்வது, எழுதும்போது விரல்கள் முறுக்கிக்கொள்வது, அது டிஸ்டோனியா. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும். புத்திக்குக் குறைவில்லை, ஆயுளுக்கும் இல்லை. ஆனால் பதற்றமும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் ஓ.சி.டி.யும் சிலருக்குக் கூடவே வரும். டாக்டரிடம் வெட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இதை விழுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் மச்சானுக்கும் இதே வியாதி. இரண்டு ரவுண்டு உள்ளே போனால் கை ஆடாமல் நிற்கிறது. 'எனக்கு இது மருந்து' என்கிறான். உண்மையா, கதையா?
(ஸ்ரீரங்கத்து வாசகர்)

பதில்: உண்மை. அதுதான் சிக்கலே. இந்த நோயில் பலருக்கு மது வெட்டை அடக்குகிறது. 'குடித்தால் குறைகிறதா?' என்று நரம்பியல் மருத்துவர்களே கேட்பார்கள், நோயைக் கண்டுபிடிப்பதற்காக; சீட்டில் எழுதித் தருவதற்காக அல்ல. 1983-ல் டாஸ்மாக் பிறந்ததிலிருந்து அதன் வாசலில் சொல்லப்பட்ட ஆயிரம் காரணங்களில், மருத்துவப் புத்தகத்திலும் இருக்கும் அபூர்வமான காரணம் உங்கள் மச்சானுடையது. போதை இறங்கியதும் வெட்டு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். அதை அடக்க அடுத்த ரவுண்டு. அப்படியே அடிமையாகிவிட்டவர்கள் இந்த நோயாளிகளிடையே கணிசம். கொடுமை என்னவென்றால், குடித்தால் கை நேராக நிற்கிறது. குடிக்காமல் கல்யாண வீட்டுக்குப் போனால் ஊர் 'குடிகாரன்' என்கிறது.

கேள்வி: அப்படியானால் மருந்துதான் என்ன?

பதில்: குளோனசெபாம், டிரைஹெக்சிஃபெனிடில் போன்றவை பழைய நண்பர்கள், கூடவே தூக்கத்தையும் வாய் வறட்சியையும் அழைத்து வருவார்கள். ஸோனிசமைடு என்ற வலிப்பு மாத்திரை, பிரான்ஸில் நடந்த சிறிய சோதனை ஒன்றில் வெட்டைக் குறைத்ததாக 2016-ல் வெளியானது. கோணும் கழுத்துக்கு போட்டாக்ஸ் ஊசி. ஆமாம், சினிமாக்காரர்கள் நெற்றியில் போட்டுக்கொள்ளும் அதே சரக்கு. எதற்கும் மசியாவிட்டால், மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பி இறக்கி மின்துடிப்பு கொடுக்கும் அறுவை சிகிச்சை. அது இந்த வியாதியில் நன்றாகவே பலன் தருகிறது.

கேள்வி: எங்கள் திருவானைக்காவல் கோயிலைக் கட்டிய கோச்செங்கட் சோழனுக்குக் கண் சிவந்திருந்ததே, அதுவும் பரம்பரையா?

பதில்: இல்லை, ஜோசியம். சற்றுத் தாமதமாகப் பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆளும் என்றார்களாம். அரசி கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். தாமதித்துப் பிறந்த பிள்ளைக்குக் கண் சிவந்துவிட்டது. கூடப் பிறப்பது எல்லாம் பரம்பரை அல்ல. உங்கள் வீட்டு வியாதியோ, பிறக்கும்போது ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகு வருகிறது, ஆனாலும் பரம்பரை. முற்பிறவியில் சோழன் சிலந்தியாம், யானையோடு பகையாம்; அதிலிருந்து அவனுக்கு வந்த ஒரே சொத்து, யானை மேலிருந்த கோபம். அதில் நமக்கு யானை ஏற முடியாத மாடக்கோயில்கள் கிடைத்தன.

கேள்வி: நாங்கள் அத்தை மகன், மாமா மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா?

பதில்: இதற்கு ஒற்றைப் பழுதுப் பிரதியே போதும், சொந்தத்தில் கட்டியது காரணமில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. செம்பு உடம்பில் தங்கிவிடும் வில்சன் நோயிலும் சிறுவர்களுக்குக் கை நடுங்கும், உடம்பு முறுக்கும். அதற்கு இருபக்கப் பழுதும் வேண்டும், சொந்தத்தில் கட்டியவர்களிடம் வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து இருக்கிறது, தாமதித்தால் கல்லீரலும் மூளையும் போய்விடும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், கண்ணில் ஒரு பரிசோதனை. இரண்டும் முடியாமல் 'பரம்பரை, விடு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் உறவில் பலருக்கு நடுத்தர வயதில் விரல் நடுங்குகிறது, எப்போதாவது வலிப்பும் வரும். இதே வியாதியா?

பதில்: ஒன்றுவிட்ட சகோதரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். நடுக்கம் போலத் தெரியும் வெட்டும் அரிதான வலிப்பும் சேர்ந்த அந்த நோயைத் தென் தமிழகக் குடும்பங்களில் கண்டு 2016-ல் எழுதியிருக்கிறார்கள். எட்டாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு, தேய்ந்த ரெக்கார்டு போலத் திரும்பத் திரும்ப வருவதுதான் காரணம். இந்திய, இலங்கைக் குடும்பங்களின் மரபணுவை ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வு, அந்தப் பிழை தோன்றிச் சுமார் 17,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றது. அந்த நோய் அம்மா, அப்பா என்று பார்ப்பதில்லை. நரம்பியல் மருத்துவரிடம் குடும்பத்தோடு போங்கள்.

கேள்வி: சர் சி.வி. ராமன் 1888-ல் பிறந்தது எங்கள் திருச்சியில். அவர் அண்ணன் மகன் சந்திரசேகருக்கும் நோபல். நோபலுக்கு மரபணு உண்டா?

பதில்: உண்டென்றால் அவர் பிறந்த தெருவில் இன்று வாடகை கட்டுப்படியாகாது.

கேள்வி: மகள் பத்தாவது. கை வெட்டுவதால் எழுத முடியவில்லை. 'சோம்பேறி' என்கிறார் ஆசிரியர்.

பதில்: எழுதும்போது விரல் முறுக்கிக்கொள்ளும் 'எழுத்தாளர் முடக்கம்' என்பதும் டிஸ்டோனியா வகைதான். அது உள்ள ஒருவர், சொல்வதை எழுத ஆள் கேட்டு யு.பி.எஸ்.சி.க்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 40 சதவீத ஊனம் இல்லை என்று மறுத்திருந்தார்கள். '40 சதவீதம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு' என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விதிமுறையே வெளியிட்டது: எழுத ஆள், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். இன்று நடப்பிலுள்ள விதிமுறையையும் தீர்ப்பையும் அச்செடுங்கள், அரசு மருத்துவர் சான்றிதழை மேலே வையுங்கள், தலைமையாசிரியரிடம் கொடுத்து 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். அவருக்காவது கை வெட்டாதே!