கி.மு. 304-க்குக் குடிபோகிறவர்கள் கவனத்துக்கு

'இம்பரேட்டர்: ரோம்' என்ற வரலாற்று வியூக விளையாட்டை வாங்கிக் கணினியில் இறக்கிவிட்டீர்களா? முதலில் ஒரு செம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எழுந்திருக்க மாட்டீர்கள். ஆட்டம் தொடங்குவது கி.மு. 304, முடிவது கி.மு. 27. நடுவிலுள்ள 277 வருஷங்களை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியில் முடித்துவிடலாம் என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தயங்காமல் உணர்ச்சிவசப்படுங்கள். ரோமை எடுத்தால் ஜெயித்துவிடுவீர்கள், அதில் சுவாரசியம் இல்லை. வரைபடம் இந்தியா வரைக்கும் நீள்கிறது. தென்கோடிக்கு இழுத்தால் பாண்டியரும் சோழரும் இருக்கிறார்கள். தமிழ் படித்தவர் அங்கே கிளிக் செய்யாமல் தாண்டிப்போக முடியாது. அப்புறம்தான் தலைக்கு மேலே மௌரியர் உட்கார்ந்திருப்பது கண்ணில் படும். மௌரிய அரசர் சந்திரகுப்தர், அலெக்சாண்டரின் பழைய தளபதி செலூக்கஸுக்குத் தூக்கிக் கொடுத்ததே 500 யானை என்றால், வீட்டில் மிச்சம் வைத்திருந்தது எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கி.மு. 301-இல் இப்சஸ் போர்க்களத்தில் மகன் திரும்பி வர முடியாதபடி அந்த யானைகள் வழிமறித்து நின்றதில், செலூக்கஸின் எதிரி ஒற்றைக்கண் ஆண்டிகோனஸ் எண்பதை ஒட்டிய வயதில் உயிரை விட்டார். கடைசிவரை மகன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிக்கொண்டிருந்தாராம்.

போருக்குக் காரணம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். பக்கத்து ஊர் பூர்வீகமாக நம்முடையது என்று ஒரு உரிமையை ஜோடிக்கலாம். அதற்கென்றே பட்டன் இருக்கிறது. வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிரியை விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டியது உங்கள் சொந்தத் தளபதிக்குத்தான். நாலு போரில் ஜெயித்தவருக்குக் கீழே நெடுநாள் சண்டை போட்ட படைப்பிரிவுகள், நாட்டை மறந்து அவருக்கே விசுவாசமாகிவிடும். சுல்லா கி.மு. 88-இல் ரோமின் மீதே படையெடுத்ததும், சீசர் கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைத் தாண்டியதும் இந்த வழியில்தான். விசுவாசம் குறைந்த தளபதி உங்கள் கட்டளையைக் காதில் வாங்க மாட்டார். படையை வடக்கே போகச் சொல்வீர்கள். அவர் நின்ற இடத்தில் நிற்பார்.

லஞ்சம் கொடுத்துப் பாருங்கள். விசுவாசம் ஏறும், கூடவே அவருடைய ஊழலும் ஏறும். ஊழல் ஏறினால் சம்பளச் செலவும் ஏறும். சிறையில் போட்டுப் பாருங்கள், கொடுங்கோன்மைக் கணக்கு உங்கள் பெயரில் எழுதப்படும். அவருடைய குடும்பத்துக்குப் பதவிகளில் பங்கு குறைந்தால் அந்த வீடே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே மைத்துனருக்கு ஒரு மாகாணம், சித்தப்பாவுக்குப் பூசாரி வேலை என்று கொடுத்துக்கொண்டே போங்கள். தகுதி பார்க்கவே கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு, செய்தித்தாளில் படித்து நீங்கள் காறித்துப்பிய அத்தனை காரியத்தையும் வரிசையாகச் செய்து முடித்திருப்பீர்கள். மனசாட்சி உறுத்தாது, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் காலமே நின்றுவிடுகிறதே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2019-இல் வந்தபோது இந்த ஆட்டத்தை விளையாட்டுக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் அதிகாரப் புள்ளி செலவழித்து, பட்டனைத் தட்டிய மாத்திரத்தில் மக்களை மதம் மாற்றலாம் என்றால் யார் ஒப்புவார்கள்? அந்த வருஷமே அந்தப் புள்ளி முறையைத் தூக்கினார்கள். 2021-இல் தயாரிப்பாளரான பாரடாக்ஸ் மேம்பாட்டு வேலையையே நிறுத்தியது. ரசிகர்கள் 'இன்விக்டஸ்' என்ற மாட் (ஆட்டத்தைத் திருத்தும் இணைப்பு) செய்து, ராஜா போன பிறகும் ஊர்க்காரர்கள் கோயிலை நடத்துவதுபோல நடத்திவருகிறார்கள். அதையும் இறக்கிக்கொள்ளுங்கள். என் கணக்கில், இந்த வகை ஆட்டங்களில் மனிதர்களை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது வேறில்லை.

மறுபடி தளபதிக்கு வருவோம். மகளைக் கட்டிக்கொடுத்து, நிலம் கொடுத்து, கடைசியில் கொலைகாரனை ஏவலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் வயதாகித் தானாகவே இறந்துபோவார். பெருமூச்சு விட்டு, சேவ் செய்து, விளக்கை அணைக்கப் போவீர்கள். திரையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு வரும்: அவருடைய மகனுக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்பாவின் அதே மூக்கு.