96 மார்க் ஆசாமி

டெக்சாஸ் வெயில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் மாதங்களில் இவர் வெளிப்படுவார். டல்லாஸ் புறநகரில் வீடு, கம்ப்யூட்டர் வேலை, பையன் ஓட்டிப் பழக ஒரு பழைய கேம்ரி. அதில் ஏசி போட்டால் அனல் அடிக்கும். மெக்கானிக்கிடம் விட்டால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால், கார் ஏசி கேஸைக் கையாளப் பரீட்சை ஒன்று உண்டென்று யாரோ இவர் காதில் போட்டுவிடுவார்கள்.

உண்டுதான். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், 609ஆம் பிரிவு. காசு வாங்கிக்கொண்டு கார் ஏசியில் கை வைப்பவர்கள் இதில் தேறியிருக்க வேண்டும். சொந்தக் காரைத் தானே பார்த்துக்கொள்பவரைச் சட்டம் கேட்பதில்லை. இரண்டு பவுண்டுக்கு மேற்படாத ஆர்-134ஏ கேஸ் டப்பாவை டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். "அது விவரம் தெரியாதவங்க வாங்குறது" என்பார். 30 பவுண்டு சிலிண்டருக்குத்தான் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே அதுதான் வேண்டும். காருக்குப் பிடிப்பது என்னவோ ஒன்றிரண்டு பவுண்டு.

கேள்விகள் 25, சரியாக 21 எழுதினால் பாஸ். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றதும்தான் இவர் மனம் புண்படும். பார்த்து எழுதுவதா! நம் பரம்பரையில் அதற்குப் பெயர் வேறல்லவா? விடியற்காலை நாலு மணிக்குக் குளித்து, விபூதி இட்டு, உரக்கப் படிப்பார். மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987. ஓசோனை அரித்த ஆர்-12 கேஸின் உற்பத்தி அமெரிக்காவில் 1995 முடிவோடு நின்றது. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனை விட்டுவைத்தது. பூமியைச் சூடாக்குவதில் மட்டும் கரியமில வாயுவைப் போல் 1430 மடங்கு. இதற்கொரு கோனார் நோட்ஸ் இல்லையே என்ற ஏக்கம் வேறு.

அந்த வாரம் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் பந்தியில் வகுப்பு நடக்கும். வண்டியிலிருந்து கேஸை உறிஞ்சிச் சேமித்தால் ரெக்கவர். எண்ணெயும் ஈரமும் நீக்கிப் பட்டறையிலேயே சுத்தப்படுத்தினால் ரீசைக்கிள். புது கேஸின் தரத்துக்கே கொண்டுவந்தால் ரீக்ளெய்ம். அது பட்டறையில் ஆகிற காரியமில்லை. சாம்பார் கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

ரிசல்ட் வரும்: 25க்கு 24. வீடு துக்க வீடாகும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றலாமா என்ற கேள்வி காலை வாரியிருக்கும். கூடாது என்று எழுதியிருப்பார். அடைத்தே தீர வேண்டுமென்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. "ஓட்டைக் குடத்துல எவனாவது தண்ணி ஊத்துவானா? சட்டமே தப்பு!"

சிலிண்டர் வந்திறங்கிய பிறகு தெரியவரும், கேம்ரியில் கேஸ் குறையவே இல்லை, போனது ஒரு ரிலே. அதை மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். கராஜில் 30 பவுண்டு அப்படியே நிற்கும்.

"மாடி ஏசியும் சரியா ஓடலைங்க. அதையாவது பாருங்களேன்" என்பார் மனைவி.

"அது 608ம்மா. வேற பரீட்சை."

அந்த 608இல் கோர் என்ற பொதுப் பகுதி போக மூன்று டைப் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து யூனிவர்சல் வாங்க வேண்டுமானால் கண்காணிப்பாளர் முன்னால், புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். உங்கள் ஊரிலும் இவர் இருப்பார். அவர் மனைவிமேல் கொஞ்சமாவது இரக்கமிருந்தால் இந்தத் தகவலை அவரிடம் சொல்லாதீர்கள்.