கடல் கட்டியும் காலனிக் காவலரும்

தூத்துக்குடி மாநகரின் விரிவுப் பகுதிகளில், அதாவது மில்லர்புரத்துக்கு மேற்கேயும் முத்தையாபுரத்தை ஒட்டியும் மூன்றாம் மைலைத் தாண்டியும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மனைப்பிரிவுகளாக எழுந்த குடியிருப்புகளில், தெருவுக்கு ஒருவராவது காணப்படும் ஒரு மனித வகையைக் 'காலனிக் காவலர்' என்று குறிப்பிடலாம். இவர் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். சம்பளம் வாங்குபவரும் அல்லர். குடியிருப்போர் நலச்சங்கத்தில் செயலாளராக இருப்பார். அப்பதவி கிடைக்காத ஆண்டுகளில் செயலாளரைக் கண்காணிப்பவராக இருப்பார். தெருவில் இவருக்குப் பெயர் அண்ணாச்சி. நெல்லைச் சீமையில் பலசரக்குக் கடைக்காரர் முதல் அமைச்சர் வரை யாருக்கும் பொருந்திவிடும் இம்மரியாதைச் சொல், இவரை அழைக்கும்போது மட்டும் சற்றே தாழ்ந்த குரலில் ஒலிக்கும்.

இவ்வகையின் தோற்றம் துறைமுகத்தோடு பிணைந்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே ஸ்பிக் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கி, 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகும் இயங்கத் தொடங்கியபோது, வேலைக்கென வந்து சேர்ந்தவர்கள் ஊருக்கு வெளியே மனை வாங்கினார்கள். வாங்கிய மனைகளில் வீடு எழுந்தது. வீடு எழுந்ததும் சுற்றுச்சுவரும், சுவர் எழுந்ததும் அதன்மேல் பதிக்கக் கண்ணாடிச் சில்லும் தேவைப்பட்டன. முப்பது ஆண்டுகள் நுழைவுச் சீட்டைக் காட்டாமல் எந்த வாசலையும் கடந்தறியாத ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு சீட்டே இல்லாமல் தம் தெருவுக்குள் மனிதர்கள் சர்வ சாதாரணமாக நடமாடுவதைக் கண்டு திகைப்பது இயல்புதான். சங்கக் கூட்டத்தில் அவர் முன்மொழியும் முதல் தீர்மானம், பால்காரர், பூக்காரர், தண்ணீர் கேன் போடுபவர் ஆகிய அனைவருக்கும் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்குவது பற்றியதாக இருக்கும். ஒட்ட வேண்டிய படம் தம்முடையதா, மாட்டினுடையதா என்று பால்காரர் கேட்பதோடு அத்தீர்மானம் நிறைவுறுவது வழக்கம்.

காலனிக் காவலரின் தொழில்திறனை அருகிருந்து காண வேண்டுமாயின், அறிமுகமற்ற ஒருவர் தெருமுனையில் பைக்கை நிறுத்திக் கதவு எண்களைப் பார்த்தபடி வரும் தருணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கையில் சுருட்டிய நாளிதழோடு அண்ணாச்சி வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். இடுப்பு வேட்டியை ஒருமுறை இறுக்கிக்கொள்வார். பிறகு விசாரணை தொடங்கும். "தம்பி, யாரத் தேடுதிய?" வந்தவர் ஒரு பெயரைச் சொல்வார். "அவுகளா? அவுக வீட்ல இல்லையே. குடும்பத்தோட திருச்செந்தூர் போயிருக்காவ. ராத்திரி தங்கிட்டு நாளைக்கு மத்தியானம்தான் வருவாவ." வந்தவர் தயங்கி நின்றால், பக்கத்து வீட்டில் விசாரிக்கலாமே என்று அவர் நினைத்துவிடாதபடி, "பக்கத்து வீட்லயும் ஆளில்ல, பிரசவத்துக்கு மக வீட்டுக்குப் போயிருக்காவ, வர ஒரு மாசம் ஆவும்" என்பதும் சேர்த்துச் சொல்லப்படும். எதிர்வீட்டு நாய் குரைக்குமே தவிரக் கடிக்காது என்ற தகவல், வந்தவர் நாயைக் கண்டு ஒதுங்கும்போது, அவருடைய அச்சத்தைப் போக்கும் நல்லெண்ணத்தில் வழங்கப்படும். கால் மணி நேரத்தில் தெருவின் மொத்த இருப்பு நிலையும் ஒப்படைக்கப்பட்ட பின்னர், வந்தவர் காப்பீட்டு முகவர் என்பது தெரியவர, "இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல தம்பி, அதான் கேட்டேன்" என்று விசாரணை முடித்துவைக்கப்படும்.

குற்றவியலில் அவருக்குள்ள புலமை இரு கிளைகள் கொண்டது. ஒன்று கணக்கு: பிரையண்ட் நகரில் ஐந்து பவுன் களவுபோனால், செய்தி தபால் தந்தி காலனிக்கு வரும்போது பதினைந்தாகவும், மாலை நடைப்பயிற்சி முடிவதற்குள் ஐம்பதாகவும் வளரும்; எட்டு கிராம் எடையுள்ள பவுன், இவ்வட்டாரத்தில் நகைக்கு மட்டுமன்றி அச்சத்துக்கும் அளவை. மற்றொன்று சட்டம்: இரவில் பூட்டை உடைத்து வீடு புகுவது 457, வீட்டுக்குள் திருடுவது 380 என்பவை அவருக்குப் பேரப்பிள்ளைகளின் பிறந்த நாளைக் காட்டிலும் நன்றாக நினைவிலிருப்பவை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் விலக்கப்பட்டு, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் அவையே 331 என்றும் 305 என்றும் மாறியதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. எண் மாறினால் கள்ளனுக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

இவ்விரண்டையும் விஞ்சுவது குறியீட்டு ஆய்வு. வாசற்கதவுகளில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட எண்களும் பெருக்கல் குறிகளும் ஒரு காலையில் தென்பட்டால், அவை கொள்ளைக் கும்பல் தனக்குள் வைத்திருக்கும் அடையாள மொழி என்றும், பெருக்கல் குறியிட்ட வீட்டில் ஆள் இல்லை என்றும், எண் இருந்தால் அத்தனை பெண்கள் தனியே இருக்கிறார்கள் என்றும் அவர் பொருள் விரிப்பார். கைப்பேசிக் குழுவில் படம் பரவும். அன்றிரவு தெருவில் எவர் வீட்டிலும் விளக்கு அணையாது. போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த சுகாதாரப் பணியாளர்கள், குழந்தைக்கு மருந்து கொடுத்த வீட்டையும் ஆளில்லாத வீட்டையும் பிரித்தறிய இட்ட குறிகளே அவை என்பது இரண்டாம் நாள் தெரியவரும். குறியின் பொருளை அண்ணாச்சி ஏறக்குறைய சரியாகவே படித்திருக்கிறார் என்பதையும், இட்டவர் யார் என்பதில் மட்டுமே பிழை நேர்ந்தது என்பதையும் நடுநிலையோடு சொல்லியாக வேண்டும்.

குற்றம் இக்கடற்கரைக்குப் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு, பாண்டியரின் கொற்கையில் முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று குறிப்பிடுகிறது. ஆக, இக்கடற்கரையின் பெருமைக்குரிய பழைய ஏற்றுமதியே கைதிகளின் உழைப்பு. பாளையக்காரர் காலத்தில் திசைக்காவல், தலக்காவல் என்ற இரு முறைகள் இருந்தன: முன்னது பாளையக்காரர் பல ஊர்களுக்குச் சேர்த்துக் காவல்வரி வாங்கியது, பின்னது ஊர்க் காவற்காரர் தம் ஊரை மட்டும் காத்தது. களவுபோன பொருளை மீட்டுத் தராவிட்டால் காவற்காரரே ஈடுகட்ட வேண்டும் என்பது இக்காவல் முறையின் விதி. அதன் நிழலிலேயே 'துப்புக்கூலி' என்ற வழக்கமும் வளர்ந்தது. மாடு போனவர் ஒரு தொகையைத் தகுந்தவரிடம் கொடுத்தால் மாடு கட்டியிருக்கும் இடம் சொல்லப்படும். சொல்பவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்பது நாகரிகமாகக் கருதப்படவில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுப் பாஞ்சாலங்குறிச்சியையும் தரைமட்டமாக்கிய கும்பினி திசைக்காவலை ஒழித்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. காலனிக் காவலர் தம்மை இப்பழைய மரபின் வாரிசு என்று கருதினாலும், ஈடுகட்டும் விதியை மட்டும் எந்த நலச்சங்கத்தின் துணைவிதியும் மீட்டெடுக்கவில்லை.

அவருக்கு உண்மையான முன்னோர் நிலத்தில் இல்லை, கடலில் இருந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், அதாவது சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் திட்டுகளில், குளியாட்கள் மூழ்குமுன் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ஒருவர் இருந்தார். அவருக்குக் 'கடல் கட்டி' என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை வழியே சென்ற மார்க்கோ போலோ, மீன் கட்டும் மந்திரக்காரர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகவும், பகலில் கட்டிய மந்திரத்தை அவர்கள் இரவில் அவிழ்த்துவிட்டதாகவும் எழுதுகிறார். ஆங்கிலேயர் காலத்திலும் இப்பதவி நீடித்தது, ஏனெனில் கடல் கட்டி கரையில் இல்லையென்றால் குளியாள் தண்ணீரில் இறங்க மாட்டார். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், தாம் முத்துக்குளிப்பைக் காணச் சென்றபோது கடல் கட்டிக்கு உடல் நலமில்லை என்றும், அவர் அனுப்பியிருந்த மாற்றாள் தமக்கு மந்திரம் எதுவும் தெரியாது, ஆனால் மேலிடத்தின் பிரதிநிதியாகத் தாம் நிற்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்று கூறினார் என்றும் பதிவு செய்திருக்கிறார்.

அந்த மாற்றாளின் சொல்லில் நலச்சங்கக் காவல் முழுவதும் அடங்கியிருக்கிறது. தெரு நுழைவில் வைக்கப்பட்ட ஆளற்ற நெகிழி நாற்காலியும், 'இப்பகுதி கண்காணிப்புக் கேமராவின் பார்வையில் உள்ளது' என்ற பலகையும், இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்திட்டுச் செல்வதற்காகத் தொங்கவிடப்பட்ட பட்டா புத்தகமும், அவ்விடத்தில் யாரோ இருப்பதாகச் சுறாக்களுக்கு அறிவிப்பவையே. கேமராக்கள் உண்மையிலேயே உள்ளன. உப்பளக் காற்றில் அவற்றின் திருகாணிகள் துருப்பிடித்து, நான்கில் ஒன்று வானத்தையும் மற்றொன்று முருங்கை மரத்தையும் கண்காணிக்கின்றன; இரவில் கேமராவின் வெளிச்சத்தைத் தேடிவரும் பூச்சிக்காக அதன் முகப்பில் வலை பின்னிய சிலந்தி, ஒவ்வொரு பதிவிலும் எட்டுக் கால் கொண்ட மாபெரும் உருவமாக வீடுகளின் மேல் ஏறி இறங்குகிறது. இதே கடற்கரையில் பீடி இலையும் மஞ்சளும் தடை செய்யப்பட்ட கடல் அட்டையும் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி நாளிதழில் அடிக்கடி வந்தாலும், அதைச் சுருட்டிக் கையில் வைத்திருப்பவரின் கவலை பழைய இரும்பு வாங்க வரும் தள்ளுவண்டிக்காரர் மீதே நிலைத்திருக்கிறது. சரக்கு வண்டிக்கு ஆவணம் இருக்கும் என்பது துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் நம்பிக்கை.

இந்த அச்சம் எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை. 2011 ஆகஸ்டில் வளைகுடாவின் எதிர்க்கரையான இலங்கையில், உடம்பெல்லாம் கிரீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு பரவி ஊர்கள் தடியோடு விழித்திருந்தன. புத்தளத்தில் அக்கலவரத்தில் ஒரு காவலர் உயிரிழந்தார். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதிய கூட்டம் அடித்தே கொன்றது. களவு நூலைக் காவலர்க்கு விரித்துரைத்துக் கோவலனை வெட்டச் செய்த சிலப்பதிகாரப் பொற்கொல்லன் தானே கள்வன்; தெருமுனையில் பாடம் நடத்துபவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர், நல்லவர்கள். கேட்பவர்கள் கையில் தடி இருக்கும்போது அந்த வேறுபாடு அவ்வளவு உதவுவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே மாநகரின் தெருக்களில் மீனவர்கள் படகோடு வந்து மாடியில் நின்றவர்களை இறக்கினார்கள். அந்த மூன்று நாளும் யாரும் யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை. தண்ணீர் வடிந்ததும், கடற்கரைப் பக்கத்துப் பையன்கள் இப்பகுதியில் அதிகம் நடமாடுவது பற்றிச் சங்கக் குழுவில் முதல் செய்தி வர ஒரு மாதம் பிடித்தது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்; இன்று கடல் கட்டிக்கு வேலை இல்லை. காலனிக் காவலர் இரவு ஒன்பதரைக்குச் செய்தி பார்த்துவிட்டுப் பத்துக்குள் உறங்கிவிடுகிறார். நள்ளிரவுக்குப் பிறகு தெருவில் விசில் ஊதிக்கொண்டும் மின்கம்பத்தில் தடியால் தட்டிக்கொண்டும் சைக்கிளில் சுற்றி வருபவர் கூர்க்கா என்று பொதுவாக அழைக்கப்படும் நேபாளத்து மனிதர். மாதப் பிறப்பில் நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்று, "நமஸ்தே, அண்ணாச்சி" என்கிறார். அண்ணாச்சி அவரிடம் அடையாளச் சான்றின் நகலை இவ்வாண்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ஐம்பது ரூபாய் கொடுக்கிறார். அவருடைய பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது.