எட்டாம் திணை: சிறுநகரில் குடியேறியோர் பற்றிய ஓர் ஆய்வு

அகத்திணை ஏழு என்றார் தொல்காப்பியர். சென்னை வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கு (ஊர்வாயில் அம்பை) குடிபெயர்பவனை அவர் கண்டதில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. (‘ஆறாம் திணை’ என்று பெயரிடத்தான் எண்ணியிருந்தோம். அதை ஏற்கெனவே ஆளுக்கொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.)

முதலில் ஆய்வெல்லை. நகராட்சி, பேரூராட்சி என்ற பட்டம் இல்லாத ஊரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரமாக ஏற்கும். அதற்கு 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருங்கி வாழ வேண்டும். முதன்மையாக உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இவ்வரையறையை அம்பை டீக்கடை ஒன்றில் வாசித்துக் காட்டியபோது கிடைத்த ஒரே எதிர்வினை: “அதெல்லாம் இருக்கட்டும், நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?” (டீக்கடை, கிழக்கு பெஞ்ச், காலை உரை.)

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், தாமிரபரணியின் வடகரை. தென்கரை கல்லிடைக்குறிச்சி, அப்பளம் அங்கே. பெரும்பொழுது ஒவ்வொன்றும் இரண்டு மாதம் கொண்டது என்பது இலக்கணம். “இந்தா வந்துட்டேன்” என்று எலக்ட்ரீசியன் போனில் சொல்வதற்கும் அவர் படியேறுவதற்கும் இடைப்பட்டது அத்தகைய ஒரு பெரும்பொழுது. சிறுபொழுது, அவர் டெஸ்டரை மறந்துவிட்டு வந்திருப்பதால் திரும்பிப் போய் வரும் நேரம்.

கருப்பொருள்: உணவு, ‘அம்பை 16’ அரிசி இட்டிலி. புள், பிறர் வீட்டுக் கோழி. பறை, கோயில் கொடைக்குக் கட்டிய ஒலிபெருக்கி. யாழ், பக்கத்து வீட்டு மிக்ஸி. தொழில் என்னவென்பதில் கருத்து வேறுபாடு உண்டு; அது வந்தவனின் தொழிலைப் பற்றியது, ஊருடையதைப் பற்றியதல்ல.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல் போல் இத்திணைக்கு உரியது விசாரித்தல். “எங்க போயிட்டு வாரிய?” என்பது இதன் தொடக்கநிலை. “சும்மாதான் அண்ணாச்சி” என்பது விடையாகாது. அது மூலபாடத்தில் உள்ள சிதைவாகக் கொள்ளப்பட்டு, விடுபட்ட இடம் பிறரால் நிரப்பப்படும்.

பெருநகரில் மனிதன் வாசிக்கப்படாத நூல். மேல்மாடிக்காரன் செத்தாலும் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் பராமரிப்புத் தொகை கேட்பார்கள். சிறுநகரிலோ அவன் சாமான் இறங்கும்போதே உரை எழுதப்பட்டுவிடுகிறது. உரைமரபு இரண்டு. இளம்பூரணரைப் போல் எளிமையாகப் பொருள் கொள்வது கிழக்கு பெஞ்ச்: “பகல்ல வீட்லயே கெடக்கான். வேல போயிருச்சு.” நச்சினார்க்கினியர் வழி வந்தது மேற்கு பெஞ்ச். எங்கோ கிடக்கும் சொல்லையும் இன்னெங்கோ கிடக்கும் சொல்லையும் பிடித்திழுத்து ‘மாட்டு’ என்று முடிச்சுப் போடுவதில் அவருக்கு இணையில்லை. மேற்கு பெஞ்ச் அவரையும் தாண்டும்.

சான்று: திங்கட்கிழமை புதிதாகக் குடிவந்தவன் வீட்டில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இறங்கியது. வெள்ளிக்கிழமை வீட்டம்மா திருநெல்வேலிக்கு ரயிலேறினார். தண்ணீர் கூடுதலாக வேண்டுமென்றால் ஆள் கூடப் போகிறது. ஆள் கூடுமென்றால் ரயில் டாக்டரிடம் போகிறது. ஆகவே தலைப்பிள்ளை (மேற்கு பெஞ்ச், மாலை உரை). தொட்டி வாங்கியது பழையது விரிசல் விட்டதால், ரயிலேறியது ஜாக்கெட் துணி எடுக்க என்பது மறுப்புரை (தொட்டி ஏற்றிய ஆட்டோக்காரர், சவாரிக்கு நடுவே, பின்னால் திரும்பிப் பார்த்தபடி). இரண்டையும் ஒப்புநோக்கி, தொட்டியும் துணியும் உண்மை, பிள்ளையும் உண்மை, மறைக்கிறார்கள் என்று முடித்தது செம்பதிப்பு (எதிர்வீட்டு ஆச்சி, திண்ணைப் பதிப்பு, மூன்றாம் திருத்தம், முன்னுரை மருமகள், முன்னுரை ஆச்சிக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டது, பிழைதிருத்தம் பால்காரர், தினமும் காலையில்).

இங்கே ஒரு முறையியல் குறிப்பு தேவை. ஆய்வேடு ஒன்றை நெறியாளரும் தேர்வாளர்களும் முழுதும் வாசிக்கிறார்கள் என்பது பல்கலைக்கழகங்களில் நிலவும் தொல்நம்பிக்கை. அம்பையில் அப்படியில்லை, வாசிக்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஐயம் வந்தால் ஆச்சி துணைநூலைத் தேடிப் போவதில்லை. ஒரு கிண்ணம் அவியலோடு மூலபாடத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறார். “புளி ஏதும் வேணும்னு தோணுதாம்மா?” என்று கேட்கிறார். களப்பணி என்றால் இது. பேராசிரியர்கள் சிலர் தம் மாணவனின் கள ஆய்வைக் குற்றாலத்தில் வைத்து, அதுவும் சாரல் காலத்தில் மட்டும் மேற்பார்வையிடுவதை இதனுடன் ஒப்பிடலாகாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது ஆய்வறமாகாது. அதே வீட்டம்மாவுக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டபோது, உரையாசிரியர்கள் அனைவரும் கருத்து வேறுபாடின்றி வந்து நின்றார்கள். ஆட்டோ வந்தது. ஆச்சி கஷாயத்துடன் ஏறிக்கொண்டார். விடிந்ததும் அக்காய்ச்சலுக்கு நான்கு உரைகள் வெளிவந்தன, நான்காவதில் மாமியார் சாபம் சுட்டப்பட்டிருந்தது என்பதும் பதிவுக்குரியதே.

குடியேறப்போவோருக்குச் சில பரிந்துரைகள். சாமானை இரவில் இறக்காதீர்கள். அது தனி அதிகாரமாகிவிடும். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே நீங்களாகப் பால்காரரிடம் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் குறைத்து. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். திருநெல்வேலி மட்டும் வேண்டாம்.